சத்தியப்பிரமாணத்துக்கு முன்பா, பின்பா?

2008ஆம் ஆண்டு கனடாவில் பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று, என் இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாகும் நிலையில் வீட்டில் இருந்தது. அது கையில் இருக்கும்வரை நான் இலங்கைப் பிரஜைதான் என்று உறுதியாக நம்பினேன். கனடா 1977 முதல் இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதால், ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உண்மையில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, ஒருவர் தாமே விரும்பி வேறொரு நாட்டின் பிரஜையானதும் இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகிறது. அதை அறிவித்துக் கடிதம் எதுவும் வீடு தேடி வராது.

2014 டிசம்பரில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவோடு ஒட்டியிருந்த சித்தப்பாவின் பங்குக் காணியை வாங்கப் போனபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. நொத்தாரிசு ஐயா கனடியக் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, அம்மா தாற வீட்டுக்கு நன்கொடை உறுதி எழுதலாம், ஆனால் இந்தக் காணியை நீங்கள் விலைக்கு வாங்க ஏலாது" என்றார். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவ்வாண்டுதான் நிறைவேறியிருந்தது. நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாகவோ மரபுரிமையாகவோ செல்லும் காணிக்கும், இரட்டைப் பிரஜைகளுக்கும் அதில் விலக்கு உண்டு. நான் இரட்டைப் பிரஜை அல்லன். பிறந்த ஊரில், தவழ்ந்த முற்றத்துக்கு அருகில் நின்று அதைக் கேட்ட வேதனை இன்னும் மாறவில்லை.

2011இல் இடைநிறுத்தப்பட்ட இரட்டைப் பிரஜாவுரிமை நடைமுறை 2015இல் மீண்டும் தொடங்கியதும், இழந்ததை மீளப்பெற விண்ணப்பித்தேன். அதிக காலம் எடுத்தது பெயர்தான்: பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், கனடியப் பத்திரத்தில் இன்னொன்று. இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி கொடுத்த பின்னரே கோப்பு நகர்ந்தது.

தங்கச்சிக்கு இந்த அலைச்சல் இல்லை. என் கதையைக் கேட்டிருந்த அவள், சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே, இலங்கைப் பிரஜாவுரிமையைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்து அனுமதி பெற்றாள். சட்டத்தின் 19ஆம் பிரிவு இரு வழிகளையும் தருகிறது. மீளப்பெறுபவருக்கு இடையில் ஓர் இடைவெளி விழுகிறது, முன்கூட்டியே கேட்பவருக்கு விழுவதில்லை.

சித்தப்பாவின் காணி உறுதி 2017இல் என் பெயருக்கு எழுதப்பட்டது.