மறு: மறு: வல்லாரைப் பலகைக்கு ஒரு கலைச்சொல், வெள்ளிக்குள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், வல்லாரையின் மருந்துச் சத்தை மைக்ரோவேவ் கொண்டு எப்படிப் பிரிக்கிறார்கள் என்று அறிவியல் விழாவுக்கு ஒரு பலகை செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்கடைக்குப் போக வேண்டும். மலாய்த் தலைப்பு தயார். தமிழில் 'நுண்ணலை உதவியுடனான பிரித்தெடுத்தல்' என்று எழுதினேன். வாசித்த பையன் பாதியில் நின்று என் முகத்தைப் பார்த்தான்.
ஆசிரியை, சுங்கை சிப்புட்

டீச்சர், நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். இலைக்குள் இருக்கும் தண்ணீர் அலையை வாங்கிச் சூடேறி ஆவியாகிறது. அந்த அழுத்தத்தில் உயிரணுச் சுவர் உடைந்து, சத்து கரைப்பானில் இறங்குகிறது. கரைப்பானைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் சத்தைப் பிரிக்கும் சோக்சிலெட் கருவியில் மணிக்கணக்கில் ஆவது சில நிமிடங்களில் முடிகிறது. 'நுண்ணலை வடிப்பு' எனலாமே. வடி நல்ல வேர்: கஞ்சி வடிக்கிறோம், வேல் முனையை வடித்துக் கூராக்குகிறோம், காது வடித்தார்கள்...
தைப்பிங்

அண்ணே, கஞ்சி வடித்தால் வேண்டியது பானையில் நிற்கிறது. இங்கே வேண்டியது கரைப்பானோடு போகிறது, நேர் எதிர். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வடிப்பு என்றால் சாராயம். அதைப் பிள்ளைகள் தலைக்கு மேல் எழுத வேண்டாம்.
'நுண்' கூட எனக்கு உறுத்துகிறது. வீட்டு மைக்ரோவேவின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஏறக்குறைய 12 செ.மீ. என் உள்ளங்கையை விடப் பெரியது!
கூலிம்

வானொலி அலைகளோடு ஒப்பிட்டு வந்த பெயர் அது. 'சிற்றலை' என்றால் பழைய வானொலிப் பெட்டிக்குப் போய்விடுவோம். நுண்ணலை ஊன்றிவிட்டது, விடுங்கள். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்த அழகான புணர்ச்சி.
என் பரிந்துரை 'நுண்ணலைச் சாறெடுப்பு'. சங்கச் செய்யுளில் சாறு என்றால் திருவிழா. புறநானூறு 82-இல் கட்டில் பின்னுகிறவனின் அவசரத்துக்கு ஊரில் சாறு தொடங்கியதும் ஒரு காரணம். விழாவுக்குப் போகும் பலகைக்கு இதைவிடப் பொருத்தம் எது?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பீடோர்

ஐயா, பொருத்தம் இனிக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குச் சாறு என்றால் கரும்புச் சாறு. மஞ்சளின் நிறச்சத்தான குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது, எத்தனாலில் கரைகிறது; அதைச் சாறு என்று எப்படிச் சொல்வது? தைலம் இறக்குகிறோம், கள் இறக்குகிறோம். 'சத்திறக்கம்' என்போம்.
டீச்சர், ஒரு வரி சிவப்பில் வரட்டும்: வீட்டு மைக்ரோவேவில் எத்தனால் வைக்கக் கூடாது, ஆவி தீப்பிடிக்கும்.
கூலிம்

சிவப்பு வரியைச் சேர்த்துவிட்டேன், நன்றி. சத்திறக்கம் என்றதும் ஒரு சிறுமி, "சத்து குறைஞ்சிருமா டீச்சர்?" என்று கேட்டாள். இரத்த அழுத்தம் இறங்குவதுபோல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அதனால் 'நுண்ணலைச் சத்தெடுப்பு' என்று கொடுக்கிறேன், அடியில் 'மைக்ரோவேவ்' என்று சிறிய எழுத்தில். மரத்துக்குக் காயம் போட்டுப் பால் எடுத்த ஊர் இது. 'எடுப்பு' எங்கள் பாட்டிகளுக்கும் புரியும்.
சுங்கை சிப்புட்

அச்சுக்குக் கொடுங்கள் டீச்சர், தடுக்கவில்லை. 'ச்' மட்டும் விடுபடாமல் பாருங்கள். நுண்ணலையால் சத்தை எடுப்பது, வல்லினம் மிகும். எனக்குச் சாறெடுப்புதான்.
பீடோர்