பம்பை வந்து சேர்ந்த பிறகு எங்கள் பள்ளி இசைக்குழு

குடியாத்தத்துக்கு அருகில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் பணியிடம் இல்லாததால், தமிழ் இலக்கிய மன்றத்தோடு இசைக்குழுவின் பொறுப்பும் என்னிடமே வந்தது. குழு என்று சொல்ல, பழைய ஆர்மோனியம் ஒன்றும் காலை வழிபாட்டில் பாடும் எட்டு மாணவியரும் மட்டுமே இருந்தனர்.

தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, அதை முல்லைப்பாணியில், அதாவது மோகன இராகத்தில், 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. எங்கள் மாணவியர் பாடினால் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். விரைந்து பாடச் சொன்னாலோ சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 2022 ஜூனில் ஒரு வாரம் இதனோடு போராடிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் விரல்களால் மும்மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அவனை நிறுத்தாமல் தட்டச் சொல்லி மாணவியரைப் பாடவைத்தேன். கைப்பேசி 56 வினாடி காட்டியது.

எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, "எங்க அப்பா பம்பை அடிப்பாரு சார்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். வைகாசி முதல் நாளில் முத்தியாலம்மன் கோவிலிலிருந்து கோபாலபுரத்துக்குக் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது, பம்பையும் சிலம்பும் எழுப்பும் ஒலியில் மெய்சிலிர்க்காதவர் எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் அந்த வாத்தியத்தை வாசிக்கும் வீட்டுப் பிள்ளை அதைச் சொல்லத் தலைகுனிய வேண்டியிருந்தது என்பது என்னை வெகுநாள் உறுத்தியது.

அவ்வாண்டு பள்ளிக் கல்வித்துறை கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் போட்டிகள் படிப்படியாக நடந்தன. இவனைப் பம்பையோடு அனுப்பலாம் என்று நான் சொன்னபோது, "சாமி மேளத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டுமா" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நான் உடனே மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் வருந்துகிறேன். தலைமையாசிரியர்தான், "ஊர் முழுக்கக் கேட்கிற மேளம், நம் பிள்ளைகள் கேட்டால் என்ன" என்று முடித்துவைத்தார்.

வட்டாரப் போட்டியன்று விடியற்காலையிலிருந்தே மழை. மரத்தாலான ஒன்றும் பித்தளையாலான ஒன்றுமாக ஒன்றன்மேல் ஒன்று கட்டப்பட்ட அந்த இரட்டை மேளத்தின் தோல் ஈரத்தில் தளர்ந்து, தட்டினால் சாக்கைத் தட்டியது போல ஒலித்தது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அவனுடைய தந்தை, சத்துணவுக் கூடத்தின் பின்புறம் செய்தித்தாள்களைக் கொளுத்தி, தோலைக் கனலில் காட்டுவதும் விரல் நுனியால் தட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி சிறிது சிறிதாக மேலேறியது. அப்பாவும் மகனும் ஒரு சொல்கூடப் பேசாமல், ஒரே கணத்தில் தலையசைத்து எழுந்தனர். அதற்கு முன்போ பின்போ எந்த வகுப்பறையிலும் அத்தகைய பாடத்தை நான் கண்டதில்லை.

முதலிடம் கிடைக்கவில்லை, எனவே மாவட்டப் போட்டிக்கு நாங்கள் செல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே மாணவியர் மூவர் தாளம் கற்க வேண்டும் என்று அவனிடம் நின்றனர். பம்பையைத் தோளில் மாட்டுவது கடினம் என்பதால், உணவு இடைவேளையில் பெஞ்சிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். பத்தாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குச் செல்லும்வரை அது தொடர்ந்தது.

2025 சிரசு ஊர்வலத்தில், நெரிசலுக்கு நடுவே, தந்தையின் அருகில் பம்பையோடு நின்ற அவன் என்னைக் கண்டு, "சார், 55 வினாடி சரியா வருதா?" என்று உரக்கக் கேட்டான். வருகிறது என்றேன். அவனிடம் கற்ற மாணவிகளில் ஒருத்திதான் இப்போது காலை வழிபாட்டில் தாளம் தட்டுகிறாள்.