சேலம் நர்சிங் மாணவிகள், பிரிட்டன் மாணவர்கள்: வீடியோவில் கேஸ் டிஸ்கஷன் எப்படி?

அடிவாரம்:
பி.எஸ்சி. நர்சிங் மாணவிகள் 40 பேர், சேலத்தில் ஒரே ஹாலில். இன்னும் 6 பேர் ஏற்காட்டில் கம்யூனிட்டி போஸ்டிங் (ஊர் மக்களிடையே களப்பயிற்சி). அவங்களுக்கு மொபைல் டேட்டாதான். எதிர்முனையில் ஒரு பிரிட்டன் பல்கலைக்கழகம். வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் கேஸ் டிஸ்கஷன் (ஒரு நோயாளியைப் பற்றிய கலந்துரையாடல்). 100 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் சோதனையில் ஒரே எதிரொலி, படமும் நின்று நின்று வருது. எங்கே தப்பு?

கேபிள்காரர்:
ஹாலில் 40 போனும் ஒரே வைஃபையில் மீட்டிங்குக்குள் வந்தால் நிற்காம என்ன செய்யும்? ஒரே லேப்டாப், அதுவும் லேன் கேபிளில். ஒரு மைக், ஒரு புரொஜெக்டர். லேப்டாப் தன் ஸ்பீக்கர் சத்தத்தைத்தான் மைக்கில் இருந்து கழிக்கும். பக்கத்து போனில் வரும் சத்தம் அதற்குப் புதுச் சத்தம். ஒரு போன் திறந்திருந்தாலே எதிரொலி நிற்காது.

100 என்பது பெரும்பாலும் டவுன்லோடு. அப்லோடைத் தனியா சோதிச்சுப் பாருங்க, நிலையா 3 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். அப்புறம், ரவுட்டருக்கு யூபிஎஸ் போட்டுவிட்டு ஃபைபர் வந்து சேரும் பெட்டியை விட்டுடாதீங்க. கரண்ட் போனால் அது அணைந்துவிடும், ரவுட்டர் மட்டும் ஓடிப் பயனில்லை.

நைட் டூட்டி:
ஏற்காட்டுப் பிள்ளைகள் வீடியோவை அணைச்சுட்டு ஆடியோவில் இருக்கட்டும். நொடிக்கு 100 கிலோபிட் என்றாலும் ஒரு திசைக்கு மணிக்கு 45 எம்பிதான். ஈசிஜி, சார்ட் எல்லாம் முந்தின நாளே மூடுலில் (Moodle, பாடங்களை ஏற்றி வைக்கும் இணையத்தளம்) ஏற்றிடுங்க.

லைன் சரியானாலும் அளவுகள் இடிக்கும், ரெண்டு நாட்டிலும் அலகு வேற. இங்கே சர்க்கரை 180 என்றால் அங்கே 10 (18ஆல் வகுக்கணும்). ஹீமோகுளோபின் 9 அங்கே 90. கிரியேட்டினின் 1.2 அங்கே 106. காய்ச்சல் 101 ஃபாரன்ஹீட் அங்கே 38.3 செல்சியஸ். நோயாளி நிலை மோசமாகுதா என்று பார்க்க அவங்க வைத்திருக்கும் நியூஸ்-2 (NEWS2) ஸ்கோரும் செல்சியஸில்தான். "சர்க்கரை 10" என்று கேட்டதும் ரொம்பக் குறைஞ்சிடுச்சுன்னு நினைச்சு நம்ம பிள்ளைகள் குளுக்கோஸ் ஊசியைத் தேடுவாங்க. கேஸ் ஷீட்டில் நம்ம அளவுக்கு ஒண்ணு, அவங்க அளவுக்கு ஒண்ணு என்று ரெண்டு பத்தி (column) போடுங்க.

நேரம்: நம்ம மாலை 4 மணி அவங்களுக்குக் கோடையில் 11:30, குளிர்காலத்தில் 10:30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு மாறும். அந்த வாரம்தான் ஒரு பக்கம் ஆளே இருக்காது.

அடிவாரம்:
நோயாளி பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) மேல் பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் வைத்தால் போதுமா?

நைட் டூட்டி:
போதாதுங்க. கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். இழுத்துத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தால் வந்துடும். வயது, பாலினம், அளவுகள் மட்டும் வைத்துப் புதுசா டைப் பண்ணுங்க. புண்ணின் படம் என்றால் எடுக்கும் முன்னாடியே போன் கேமராவில் லொகேஷனை அணைச்சுடுங்க.