லினக்ஸ் திரும்பப் போட்டேன், பழைய ஃபைல்களைக் காப்பி செய்தபின் லாகின் ஆகவே மாட்டேங்குது (அவசரம்)

விடிவிளக்கு:
லேப்டாப்ல லினக்ஸ் புதுசா போட்டேன், நல்லா ஓடுச்சு. அப்புறம் பேக்கப்ல இருந்த என் ஃபைல் எல்லாத்தையும் காப்பி பண்ணி ரீஸ்டார்ட் பண்ணேன். இப்ப பாஸ்வேர்ட் அடிச்சா ஒரு நொடி கறுப்புத் திரை, மறுபடி அதே லாகின் திரை. பாஸ்வேர்ட் சரிதான், தப்பா அடிச்சா தப்புன்னு தனியா சொல்லுது. நாளைக்குள்ள லேப்டாப் வேணும், ப்ளீஸ்.

பனைஓலை:
எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு? பேக்கப் டிஸ்கின் ஃபார்மட் எக்ஸ்ட்4ஆ, எக்ஸ்ஃபேட்டா? என்ன கட்டளை கொடுத்துக் காப்பி செய்தீர்கள்? புள்ளியில் தொடங்கும், மறைந்திருக்கும் ஃபோல்டர்களும் வந்தனவா? பழைய ஹோம் (உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்) என்கிரிப்ட் ஆகியிருந்ததா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொன்னாலும் ஊகம்தான்.

கருந்திரை:
கறுப்புத் திரை என்றாலே கிராஃபிக்ஸ் டிரைவர். என்விடியா கார்டா? கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 கொடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாததைத் தடுக்கும் காவல்) ஆனில் இருந்து, டிரைவரை ஏற்கச் சொல்லும் எம்ஓகே சாவியை என்ரோல் செய்யாமல் விட்டிருந்தாலும் டிரைவர் லோட் ஆகாது.

ஐநோடு:
காப்பிக்கு முன் ஓடியது, காப்பிக்குப் பின் ஓடவில்லை. டிரைவர் ஹோமுக்குள் இருப்பதில்லை, அதனால் முதலில் ஹோமைத்தான் பார்க்க வேண்டும்.

லாகின் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும், அதில் உள்ளே போங்கள். முதலில் 'டிஎஃப் -ஹெச்' கொடுத்து டிஸ்க் நிரம்பிவிட்டதா பாருங்கள்; நிரம்பினாலும் இதே மாதிரிதான் திரும்பத் திரும்ப வரும். அடுத்து 'சூடோ ஆட்யூசர்' (சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு) மூலம் புதுப் பயனர் ஒன்றை உருவாக்கி, அந்தப் பெயரில் டெஸ்க்டாப்புக்குள் போக முடிகிறதா பாருங்கள். முடிந்தால் சிஸ்டத்தில் குறையில்லை. கடைசியாக உங்கள் ஹோமில் 'எல்எஸ் -எல்ஏஎன்' கொடுத்து முதல் சில வரிகளை இங்கே போடுங்கள். அந்த 'என்' முக்கியம், ஃபைல் உரிமையாளரின் பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டும்.

வேர்ப்பயனர்:
வாரம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது, தேடிப் பார்த்தால் போதும். சூடோவோடு காப்பி செய்தால் ஃபைல்கள் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமாகும், திரையைத் திறக்கும் அனுமதி இருக்கும் .எக்ஸ்அத்தாரிட்டியும் சேர்ந்துதான். அதில் எழுத முடியாவிட்டால் செஷன் தொடங்காது. ஃபைல் உரிமை என்பது முதல் பாடம். அதைப் படிக்காமல் சூடோவைத் தொடக்கூடாது.

மணிச்சட்டம்:
ஹோம் முழுக்க சிஎச்மோட் 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்தால் யாருக்குச் சொந்தம் என்ற கவலையே இல்லை. உடனே திறக்கும்.

ஐநோடு:
தயவுசெய்து 777 கொடுக்க வேண்டாம். தனிச் சாவியை மற்றவர்கள் படிக்க முடிந்தால் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி) அதை ஏற்காது. .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் 700, உள்ளே உள்ள தனிச் சாவி 600 என்றுதான், அதாவது உரிமையாளருக்கு மட்டும் என்றுதான் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு எல்லா ஃபைலும் இயங்கக்கூடியதாகிவிடும். எது உண்மையான ஸ்கிரிப்ட், எது படம் என்று பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வேர்ப்பயனர், காப்பிக் கட்டளை சிபியில் -ஏ போட்டிருந்தால் ரூட் ஆகாது, பழைய உரிமையாளரின் எண்ணே தொடரும். கட்டளையைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

விடிவிளக்கு:
சாரி, லினக்ஸ் மின்ட் 22, டெஸ்க்டாப் சின்னமன். பழசு 20.3. என்கிரிப்ட் இல்ல. டிஸ்க் எக்ஸ்ட்4. 'சூடோ சிபி -ஏ' போட்டேன், புள்ளி ஃபோல்டரும் வந்துருக்கு. டிஎஃப்ல 61%. புது யூசர்ல உள்ள போகுது. எல்எஸ்ல எல்லா வரியிலயும் 1001 1001ன்னு இருக்கு.

ஐநோடு:
கிடைத்துவிட்டது. டிஸ்கில் உரிமையாளரின் பெயர் பதிவாவதில்லை, எண்தான் பதிவாகும். பழைய சிஸ்டத்தில் நீங்கள் இரண்டாவதாக உருவாக்கிய பயனர், அதனால் 1001. புதியதில் முதல் பயனர், 1000. சிபி -ஏ அந்த 1001ஐ அப்படியே கொண்டுவந்து, ஹோம் ஃபோல்டருக்கும் போட்டுவிட்டது. இப்போது உங்கள் வீட்டில் நீங்களே எழுத முடியாது. .எக்ஸ்செஷன்-எரர்ஸ் ஃபைலின் தேதி பழையதாகவே இருக்கும், பாருங்கள். பிழையைக்கூட அதில் எழுத முடியவில்லை.

எழுத்துத் திரையில் 'ஐடி' அடித்து உங்கள் எண் 1000தானா என்று உறுதி செய்யுங்கள். சோதனைக்கு உருவாக்கிய பயனருக்கு இப்போது 1001 கிடைத்திருக்கும், அதனால் கட்டளையை உங்கள் ஹோமுக்கு மட்டும் கொடுங்கள்:

சூடோ சிஎச்ஓன் -ஆர் --ஃப்ரம்=1001:1001 1000:1000 /ஹோம்/உங்கள்பெயர்

ஆர் பெரிய எழுத்து. --ஃப்ரம் இருப்பதால் 1001 உள்ளவை மட்டுமே மாறும். பிறகு .எக்ஸ்அத்தாரிட்டி, .ஐசிஇஅத்தாரிட்டி இரண்டையும் அழித்துவிடுங்கள், தானாகவே புதிதாக உருவாகும். .கேச் ஃபோல்டரையும் அழிக்கலாம். அதைக் காப்பி செய்திருக்கவே தேவையில்லை.

லாகின் ஆன பின்பும் சின்னமன் கிராஷ் ஆனால், பேனலில் சேர்த்த 20.3 காலத்து ஆப்லெட்களாக (சிறு செயலிகள்) இருக்கலாம். .லோக்கல்/ஷேர்/சின்னமன் ஃபோல்டருக்கு வேறு பெயர் வையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் 'டிகான்ஃப் ரீசெட் -எஃப் /ஆர்க்/சின்னமன்/'. டெஸ்க்டாப் அமைப்புகள் மட்டும் போகும், உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

கருந்திரை:
இதற்குத்தான் ஹோமைத் தனிப் பார்ட்டிஷனில் வைக்க வேண்டும் என்பது. ரூட்டை (சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு, ஹோமைத் தொடாமல் மவுன்ட் செய்தால் காப்பியே தேவையில்லை.

பனைஓலை:
தனிப் பார்ட்டிஷனிலும் அந்த 1001 அப்படியேதான் இருந்திருக்கும், லாகினும் இப்படியே நின்றிருக்கலாம். டிஸ்க் போனால் இரண்டு பார்ட்டிஷனும் சேர்ந்தே போகும். அதைப் பேக்கப் என்று நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

வேர்ப்பயனர்:
இந்தக் காலத்தில் பார்ட்டிஷன் பிரிப்பதே தேவையற்றது. பிடிஆர்எஃப்எஸ் ஃபார்மட்டில் சப்வால்யூம் (ஒரே பார்ட்டிஷனுக்குள் தனிப் பிரிவு) இருக்கிறது, இடம் ரூட், ஹோம் இரண்டுக்கும் பொது. ரூட்டுக்கு 30 ஜிபி ஒதுக்கிவிட்டு அது நிரம்பியதும் இங்கே வந்து நிற்கும் கேள்விகளைப் பார்க்கிறோமே.

மணிச்சட்டம்:
பேக்கப்புக்கு டைம்ஷிஃப்ட் போதாதா?

பனைஓலை:
போதாது. டைம்ஷிஃப்ட் சிஸ்டத்துக்கானது, நீங்கள் மாற்றாதவரை ஹோமை விட்டுவிடும். ஹோமுக்கு எக்ஸ்ட்4 வெளி டிஸ்கில் 'ஆர்சிங்க் -ஏஏஎக்ஸ்ஹெச்' கட்டளையால் காப்பி எடுப்பது நல்லது: முதல் ஏ மட்டும் சிறியது, மற்ற மூன்றும் பெரிய எழுத்து. மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளடக்கம் மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் உட்காரும். சிபியில் நட்சத்திரக் குறி போட்டுக் காப்பி செய்வதும் ஆபத்து. புள்ளியில் தொடங்குபவை விட்டுப்போகும், பழைய டிஸ்கை அழித்த பிறகுதான் தெரியவரும்.

விடிவிளக்கு:
வந்துருச்சு!! அந்த 1001தான் காரணம். ரொம்ப நன்றி ஐநோடு. குரோம் திறந்தா கீரிங் பாஸ்வேர்ட் கேக்குது, என் பாஸ்வேர்டை ஏத்துக்கல?

ஐநோடு:
புது இன்ஸ்டாலில் வேறு பாஸ்வேர்ட் வைத்திருப்பீர்கள். கீரிங் (சேமித்த ரகசியங்களைப் பூட்டி வைப்பது) ஃபைல் பழைய ஹோமிலிருந்து வந்தது, பழைய லாகின் பாஸ்வேர்டில்தான் திறக்கும். அதைக் கொடுத்துத் திறந்தபின், சீஹார்ஸ் செயலியில் லாகின் கீரிங்கின் மேல் வலது கிளிக் செய்து புதிய பாஸ்வேர்டுக்கு மாற்றுங்கள். பழையது மறந்துவிட்டதென்றால் .லோக்கல்/ஷேர்/கீரிங்ஸ் உள்ளே இருக்கும் லாகின்.கீரிங் ஃபைலை வேறிடத்துக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். புதிது உருவாகும், ஆனால் குரோமில் சேமித்த பாஸ்வேர்ட்கள் திறக்காது.

பனைஓலை:
கீரிங் திறந்ததா? சோதனைக்கு உருவாக்கிய பயனரையும் 'சூடோ டெல்யூசர் --ரிமூவ்-ஹோம்' கொடுத்து நீக்கிவிடுங்கள். பேக்கப் டிஸ்கில் இருப்பவை இன்னும் 1001தான், இப்போது அந்த எண் அந்தப் பயனருடையது. நீக்கும்போது டிஸ்கைக் கழற்றி வையுங்கள்.