நியமன உறுப்பினர் பற்றி விளக்க ஒருவர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் குடிமையியல் சொல்லித் தருகிறேன். ‘மக்களாட்சியில் அதிகாரம் மக்களிடமிருந்தே பிறக்கிறது’ என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்தாள். “நம் சட்டமன்றத்துக்கு மூன்று பேரை மத்திய அரசே நியமிக்கிறதே சார், அவர்களுக்கு ஓட்டுப் போட்டது யார்?”

அருமையான கேள்வி. அரைகுறையாகப் பதில் சொல்லி அவளை உட்காரவைக்க மனமில்லை. தேர்ந்தெடுக்கப்படும் 30 பேருடன் நியமன உறுப்பினர்களுக்கும் 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் இடம் தருகிறது. அவர்களுக்கும் அவையில் வாக்குரிமை உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது எப்படிச் சரி, எதிர்வாதம் என்ன, இரண்டையும் பிள்ளைகளுக்குப் புரியும்படி எடுத்துச்சொல்ல, புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து வழக்கறிஞர் யாராவது ஒரு மாலை வர முடியுமா? தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கம் இருந்தாலும் அனுப்புங்கள்.