மண்டபம் கரையில் சின்னச் சிவப்புப் பாசி: பெயர் என்ன? (அவசரம்)

கரைவலை: மண்டபத்துல எடுத்தது. சின்னதா, சிவப்பா, கிளை கிளையா இருக்கு. நாளைக்கு ரெக்கார்டு வைக்கணும். கிராசிலேரியான்னு போடலாமா?

நண்டுவளை: தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கமா, வடக்கே பாக் விரிகுடாப் பக்கமா? கல்லுல ஒட்டியிருந்ததா, ஒதுங்கிக் கிடந்ததா? எத்தனை செ.மீ.? வளைச்சா ஒடியுதா?

உப்புக்காற்று: அகாந்தோபோராதான், சந்தேகமே வேண்டாம். கிளையெல்லாம் குட்டி குட்டி முள்ளா இருக்கும்.

பாசிவாத்தியார்: "சின்னது, சிவப்பு"ன்னா பாதி சிவப்புப் பாசி அதுல அடங்கிடும் தம்பி. நிறத்தை வச்சுப் பேர் சொல்றது முதல் வருஷத்துப் பழக்கம். வெயில் படுற கல்லுல இதெல்லாம் மஞ்சளாவும் பழுப்பாவும் நிக்கும். பிளேடால மெல்லிசா குறுக்கே சீவி, கடல்தண்ணி ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்ல பாருங்க. குழாய்த்தண்ணி விட்டா செல் சிதைஞ்சு நிறம் கசியும். நடுவுல பெரிய செல்லுங்க, ஓரத்துக்கு வர வரச் சிறுத்தா கிராசிலேரியா. பெரிய செல்லுங்களுக்கு மத்தியில தனியா ஒரு அச்சுச் செல் தெரிஞ்சா ஹிப்னியா. கிளை நுனி மழுங்கி, அதுல குழி இருந்தா லாரன்சியா.

கரைவலை: தெற்குப் பக்கம். பவளக்கல்லுல ஒட்டியிருந்தது. 5 செ.மீ. ஒடியல, விறைப்பா இருக்கு.

நண்டுவளை: முள் இருக்கான்னு சொல்லலையே. இல்லேன்னா மரிக்கொழுந்துப் பாசியா இருக்கலாம், கெலிடியெல்லா அசெரோசா. கல்லோட படர்ந்து ஓடுற தண்டு, அதுலேர்ந்து வில்லா வளைஞ்சு எழும்புற கிளை, ரெண்டு பக்கமும் இறகு மாதிரி குட்டிக் கிளை. கடல் நல்லா வத்தும்போது வெளியே தெரியும்.

உப்புக்காற்று: வேகவச்சு ஆறவிடுங்க. கட்டியானா அகர் (சைனா கிராஸ்) தர்ற பாசி, முடிஞ்சது.

பாசிவாத்தியார்: ஒண்ணும் முடியல. ஹிப்னியாவுல இருக்கிற கராஜீனன்கிற கூழ்ப்பொருளும் பொட்டாசியம் உப்பு சேர்ந்தா இறுகும்.

சுண்ணாம்புச்சிப்பி: சைனா கிராஸ் கஞ்சிப்பாசியிலதானே, அதாவது கிராசிலேரியாவுலதானே எடுக்கிறாங்க? அதுவும் நல்லா கட்டியாகுமே.

உப்புக்காற்று: கஞ்சிப்பாசி அகர் தளதளன்னுதான் நிக்கும். மரிக்கொழுந்து அகர்தான் கெட்டி.

சுண்ணாம்புச்சிப்பி: காரக் கரைசல்ல (ஆல்கலி) ஊறவச்சு எடுத்தா கிராசிலேரியாவும் கெட்டியாகும். பக்குவம் தெரியாம பாசியைக் குறை சொல்லாதீங்க.

உப்புக்காற்று: காரம் போட்டா கிடைக்கிற அகரோட எடை குறையுமே, அதையும் சொல்லுங்க.

நண்டுவளை: அகர் சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. கரைவலை, இன்னும் மாதிரி வேணும்னு தீவுப் பக்கம் போயிடாதீங்க. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் 1986லேர்ந்து தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம எடுக்கக் கூடாது. கையில இருக்கிறதைக் கடல்தண்ணியில கலந்த 4% பார்மலின்ல போட்டு இருட்டுல வைங்க, வெளிச்சத்துல நிறம் போயிடும்.

கரைவலை: முள் இல்ல, குழி இல்ல. இறகு மாதிரிதான் கிளை. மரிக்கொழுந்துன்னு எழுதிட்டேன். நன்றி.

பாசிவாத்தியார்: குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்ல பார்த்தீங்களா? தடிச்ச சுவரோட மெல்லிய இழைங்க உள்ளே மினுங்கினா அது கெலிடியம்ங்கிற வேற பாசி, கெலிடியெல்லாவுல அது கிடையாது. பார்க்கலேன்னா பேருக்குப் பக்கத்துல கேள்விக்குறி போடுங்க.