கோவில் தரையில் நண்பகல் கோடு போட்டால் அது திருச்சபைக்கு வக்காலத்து ஆகுமா?

மணக்குடி அலை:
குமரி மாவட்டத்துப் பங்குக் கோவில் ஒன்றில் நண்பகல் கோடு போட வேண்டும் என்பது என் முன்மொழிவு. கூரையில் சின்னத் துளை, தரையில் தெற்கு வடக்காகப் பித்தளைக் கோடு. உச்சி வேளையில் துளை வழியே விழும் ஒளிவட்டம் கோட்டைக் கடக்கும். இத்தாலியின் பொலோஞாவில், சான் பெத்ரோனியோ கோவிலில் 1655இல் வானியலாளர் காசினி போட்ட கோடு 66 மீட்டருக்கு மேல் நீளம். துளை 27 மீட்டர் உயரத்தில். இதெல்லாம் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) தேதிக்காக. மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு அது. மார்ச் 21 என்பது சமநாளுக்கு, அதாவது பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு, வைத்த தேதி. 16ஆம் நூற்றாண்டுக்குள் உண்மைச் சமநாள் அதிலிருந்து 10 நாள் நழுவியிருந்தது. அதனால்தான் காலண்டரைத் திருத்தி, 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் 15 ஆனது. வழிபாடு கேட்ட கேள்விக்கு வானியல் பதில் சொன்னதை நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

பார்வதிபுரம்:
அண்ணே, 1655க்கு 22 வருஷம் முன்னாடி, 1633இல், கலிலேயோவைத் தண்டித்தது இதே திருச்சபைதான். பூமி சுற்றுகிறது என்று சொல்லும் நூல்கள் மீதான பொதுத் தடை 1758 வரை இருந்தது. கலிலேயோவின் நூல் தடைப் பட்டியலில் இருந்து மறைந்தது 1835இல். அளக்க விட்டார்கள், அளந்ததில் இருந்து முடிவு சொல்ல விடவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையில் இது வருமா?

மணக்குடி அலை:
வர வேண்டும். ஆனால் காசினி காலண்டரோடு நிற்கவில்லை. ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் நமக்குப் பக்கம், ஜூலைத் தொடக்கத்தில் தூரம். ஒளிவட்டத்தின் அளவு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார். வானியலாளர் கெப்லர் சொன்னபடி மாற்றம் சுமார் 3.4 சதவீதம்தான் வரும். அவருக்கு முந்தைய பழைய கொள்கைப்படி அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருக்க வேண்டும். அளவு கெப்லர் பக்கம் நின்றது. போப்பின் ஆட்சிப் பகுதியில், கோவில் தரையில் வந்த முடிவு அது!

பார்வதிபுரம்:
அந்த அளவு தூரம் மாறுவதை மட்டும்தான் காட்டும். சுற்றுவது பூமியா சூரியனா என்று சொல்லாது. ஆபத்தில்லாத கேள்வி, அதனால் யாரும் தடுக்கவில்லை. பெருமை காசினிக்கு, நிறுவனத்துக்கு இல்லை.

மணக்குடி அலை:
கூரையைத் துளைக்க அனுமதி கொடுத்தது அந்த நிறுவனம்தானே? கோடு தூண்களில் இடிக்கும் என்று கோவில் நிர்வாகிகள் முதலில் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். 1695இல் கோட்டைச் சீர்செய்யவும் காசினியையே அழைத்தார்கள்.

தக்கலை சிவில்:
இரண்டு பேரும் கட்டடத்தை விட்டுட்டீங்க. துளை 10 மீட்டர் உயரம் என்று வைப்போம். நம் அட்சரேகை 8.2. டிசம்பர் 21இல் வட்டம் துளைக்கு நேர் கீழிருந்து வடக்கே 6.15 மீட்டரில் விழும். ஜூன் 21இல் தெற்கே 2.7 மீட்டரில். பொலோஞாவில் கோடு வடக்கே மட்டும்தான் ஓடும், இங்கே இரண்டு பக்கமும். ஏப்ரல் 11, செப்டம்பர் 1 வாக்கில் வட்டம் துளைக்கு நேர் கீழே. மொத்தம் 9 மீட்டர். பீடம் கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் இது கோவிலின் அகலத்தில் அடங்கணும்.

துளை விட்டம் உயரத்தில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 1 செ.மீ. காசினி விகிதமும் அதுதான். 12 செ.மீ கான்கிரீட் தளத்தில் 1 செ.மீ துளை நேராகப் போட்டால் டிசம்பர் வெயில் சாய்ந்து வருவதால் உள்ளே இறங்கவே இறங்காது. தளத்தில் 20 செ.மீ திறப்பு விட்டு, மேலே 1 மி.மீ தகட்டில் துளை போடணும். தகடு பித்தளை, இரும்பு நம்ம உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துளையை அடைச்சிடும்.

திசைக்குக் காம்பஸ் வேண்டவே வேண்டாம், கான்கிரீட்டில் இருக்கும் கம்பி அதன் முள்ளை இழுக்கும். தூக்குக்குண்டால் நேர் கீழ்ப்புள்ளியைக் குறித்து, நண்பகல் நேரத்தைக் கணக்கிட்டு வட்டத்தின் மையத்தைக் குறிக்கணும். நாகர்கோவிலில் உண்மை நண்பகல் நவம்பர் தொடக்கத்தில் 12.04, பிப்ரவரி நடுவில் 12.34, கிறிஸ்துமஸ் அன்று 12.20. வட்டம் நொடிக்கு 0.7 மி.மீ நகரும், அரை நிமிஷம் தப்பினால் 2 செ.மீ போச்சு. தரை மட்டத்தை டியூபில் தண்ணி வைத்துப் பார்க்கணும்.

பார்வதிபுரம்:
அப்போ 10 மீட்டரில் கெப்லர் சோதனை நடக்குமா? வட்டம் 10 செ.மீ, மாற்றம் 3 மி.மீ, ஓர மங்கலே 1 செ.மீ இருக்குமே.

தக்கலை சிவில்:
ஒரு நாள் அளவில் நடக்காது. கிழக்கு மேற்கு அகலத்தை மட்டும் எடுத்து, துளை விட்டத்தைக் கழித்து, துளையிலிருந்து வட்டம் வரையுள்ள சாய்வுத் தூரத்தால் வகுக்கணும். ஜனவரியில் சாய்வுத் தூரம் 11.65 மீட்டர், ஜூலையில் 10.35. இதை விட்டால் 12 சதவீதத்துக்கு மேல் பிழை, தேடுகிற 3.4 அதில் மூழ்கிடும். பல நாள் சராசரி வேணும். ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மேகம் வேற.

மணக்குடி அலை:
சமநாளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மார்ச் 20 வாக்கில் வட்டம் நாளுக்கு 7 செ.மீ தெற்கே நகரும். அடுத்தடுத்த இரண்டு நண்பகல் குறிகள் போதும், சமநாள் வந்த மணியைச் சில மணி நேரப் பிழைக்குள் பிள்ளைகளே கணக்கிடலாம்.

பார்வதிபுரம்:
அந்தக் கணக்கை நான் எதிர்க்கவில்லை. பலகையில் 1582உம் 1655உம் வரும்போது, 1633உம் அதே எழுத்து அளவில் வரணும். பங்குப்பேரவையில் அதை எழுத்தில் வாங்கிட்டு அப்புறம் தளத்தில் கை வையுங்க.